பீரோவில் ஒட்டிக்கொண்ட தலையணை

கண்ணு,

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததா? கிடைத்திருந்தால் நிதானமாக உட்கார்ந்து படி. சாப்பாட்டுப் பையில், தயிர்சாத டப்பாவுக்கு அடியில் இந்தக் காகிதங்களைப் பார்த்ததும் பதறிப்போய் எனக்குப் போன் போடாதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைவலி இல்லை, வாந்தி இல்லை. காலையில் வாசலில் இருந்து வேப்பமரம் வரைக்கும் நடந்து திரும்பினேன், உன் அப்பா செல்போனில் நேரம் பார்த்தார், நேற்றைக்கு ஆன நேரம்தான் இன்றைக்கும். நம் நல்லம்பள்ளியில் இருந்து ஓசூர் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும். நான் எழுதியதைப் படிக்க அது தாராளம். வீட்டிலேயே வாயால் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ நடுவில் "வுடும்மா" என்பாய், அதோடு எனக்கு விட்ட இடம் மறந்துபோகும். காகிதத்தில் என்றால் மேலே போய்ப் பார்த்துக்கொண்டு மறுபடியும் தொடரலாம். இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து பதிவேடு எழுதிய கை இது. ஆடினாலும் எழுதும்.

உன் கம்பெனி உன்னை இரண்டு வருஷத்துக்கு ஜெர்மனி போகச் சொல்வது எனக்குத் தெரியும். பவித்ராவையும் கூட்டிப் போகலாமாமே. வரும் திங்கட்கிழமை நீ பதில் சொல்ல வேண்டும் என்பதும், முடியாது என்று சொல்லப் போகிறாய் என்பதும் தெரியும். உன் பெண்டாட்டிதான் சொன்னாள், அவளிடம் முகத்தைத் தூக்காதே. என் தலைக்குள் வைத்திருக்கிற வால்வு எந்த நேரத்தில் வேண்டுமானாலும் தானாக மாறிவிடும், அப்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் நீ மறுக்கிறாய். கண்ணு, அது தானாக மாறவில்லை. பங்குனியில் நான் பஸ் படியில் விழுந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். டாக்டர் கேட்டபோது தெரிந்தேதான் இல்லை என்றேன். இதைச் சொல்லாமல் உன்னைப் போக விடாமல் வைத்திருந்தேன் என்றால் நான் ஒரு தாயா?

முதலில் இருந்தே வருகிறேன். நான் ஓய்வு பெற்ற மறுவருஷம் கால் தரையை விட்டு எழும்ப மறுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். வாசற்படி அருகே வந்து நின்றால் நின்றபடியே இருப்பேன். ஊரில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மூட்டுத் தேய்மானம் என்று எண்ணெய் தேய்த்தேன், நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை போட்டேன், வயசாயிடுச்சு என்று நானே எனக்குத் தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு இருபது வருஷம் சமைத்த அம்மா வீட்டுக்கு வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் பேர் எனக்கு வாயில் வரவில்லை. அவள் போன பிறகு அழுதேன். கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் சேலை நனைந்துவிடுவதை யாரிடம் சொல்வது? உன் அப்பாவிடமே சொல்லவில்லை. நீதான் துணி காயும் கொடியைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், மறுநாளே லீவு போட்டு என்னைச் சேலத்துக்குக் கூட்டிப் போனாய். ஒரு ஆண்பிள்ளை கொடியில் காயும் சேலைகளின் எண்ணிக்கையைப் பார்த்து அம்மாவின் வியாதியைக் கண்டுபிடித்தான் என்று நான் இன்னும் எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ள முடியாமல் தவிக்கிறேன் தெரியுமா? சேலைக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வருமே என்றுதான்.

மூளைக்குள் நீர் தேங்கியிருக்கிறது, வயசானவர்களுக்கு வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். கால் தரையில் ஒட்டிக்கொள்கிற இந்த மாதிரி நடைக்கு காந்த நடை என்று ஒரு பெயர் உண்டாம். அப்போதே காந்தத்துக்கும் எனக்கும் ஏதோ பூர்வஜென்மப் பகை ஆரம்பித்திருக்கிறது. முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்துவிட்டு என்னை நடக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கால் எடுத்து வைத்தேன், கால் வந்தது! நீ எனக்கு எதிரே பின்பக்கமாக நடந்துகொண்டே செல்போனில் படம் பிடித்தாய். கடைசியில் தண்ணீர் பிடிக்கிற டிரம்மில் இடித்துக்கொண்டாய். அந்தப் படத்தில் என் நடை பாதிதான் இருக்கிறது, மீதி எல்லாம் கூரையும் உன் அழுகைச் சத்தமும். சரியாகும் என்று தெரிந்த பிறகுதான் தலையில் ஓட்டை போட்டு, வால்வு வைத்து, காதுக்குப் பின்னால் இருந்து கழுத்து வழியாக வயிறு வரைக்கும் தோலுக்கு அடியில் குழாயை இறக்கினார்கள். ஷண்ட் என்கிற அந்த வார்த்தை உன் அப்பா வாயில் இன்றைக்கும் 'சண்டு'தான்.

இனிமேல் என் புத்தி போன போக்கைக் கேள். உனக்கும் பவித்ராவுக்கும் அதற்கு முந்தின மாசம்தான் நிச்சயம் ஆகியிருந்தது. மண்டையில் ஆபரேஷன் செய்த குடும்பம், நாளைக்குப் பிள்ளைக்கும் வருமோ என்னவோ என்று பெண் வீட்டுக் கம்பைநல்லூர்க்காரர்கள் பின்வாங்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். ஆஸ்பத்திரியில் பாதித் தலையைத்தான் மழித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து காயம் ஆறியதும் ஆள் கூப்பிட்டு மீதியையும் மழித்துவிட்டு, பழனிக்கு வேண்டுதல், பையன் கல்யாணம் நல்லபடியாக நடக்கணும்னு முடி கொடுத்தேன் என்று ஊர் பூராவும் சொன்னேன். பட்டெடுக்கப் போவதைப் பேச உன் மாமியார் வந்தபோது தழும்பு தெரியாமல் தலை முழுக்கச் சந்தனத்தைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அப்பாவைத் தர்மபுரிக்கு அனுப்பிக் கடையில் பஞ்சாமிர்தம் வாங்கிவரச் சொல்லி, பிரசாதம் என்று கொடுத்தேன். அந்த அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். "பையன் கல்யாணத்துக்கு மொட்ட போட்ட மாமியாள நான் எங்கயும் பாத்ததில்லீங்க அண்ணி. எம் பொண்ணு குடுத்து வச்சவங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் நீ சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாய். பொய்யே சொல்லாத பிள்ளையை அன்றைக்கு நான் பொய்க்குச் சாட்சியாக நிறுத்தினேன். முதலில் அதற்கு மன்னித்துக்கொள்.

கல்யாணமாகி மூன்றாம் நாளே நீ பவித்ராவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாய். நான் சொல்லாதே என்று சொல்லியும் சொன்னாய். அதற்கு உனக்கு நான் இதுவரை நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அந்தப் பெண் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் பின்னால் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் மேடாக இருக்கிற இடத்தை விரலால் தொட்டு, "இங்க அழுத்தித் தேய்க்கக் கூடாதுங்களா அத்தை?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அவள் கேட்ட கேள்வி. அவள் அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன். மொட்டை போட்ட மாமியார் என்ற பேரை விட எனக்கு மனசு வரவில்லை.

தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்தார்களே, கரும்பும் மஞ்சளும் புதுப்பானையும், அதோடு மயில் பூவேலை போட்ட உறையோடு ஒரு தலையணையும் வந்தது. பவித்ரா வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா என்னை உள் அறைக்குக் கூப்பிட்டு, கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டு விற்றார்கள், மூட்டுவலிக்கும் தூக்கத்துக்கும் நல்லது, "உள்ள பதினாறு காந்தம் வச்சிருக்கான் அண்ணி, உங்களுக்குன்னே வாங்கினேன்" என்றார்கள். காந்தத்தைத் தலைப்பக்கம் கொண்டுபோகக் கூடாது, வால்வின் அளவு மாறிவிடும் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். அந்த வார்த்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறதி மேல் பழியைப் போட முடியாது. ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்றால் சந்தனமும் பஞ்சாமிர்தமும் வெளியே வரும். காந்தம் என்றால் ஸ்பீக்கரில் இருப்பது, தலையணையில் இருப்பது என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர்கள் தங்கியிருந்த இரண்டு நாளும் மரியாதைக்குப் படுத்தேன். ஊருக்குப் போன பிறகும் தினமும் போன். "தூக்கம் எப்படிங்க வருது?" நன்றாக வருகிறது என்று சொல்வேன். சொன்னதற்காக மறுபடியும் அதிலேயே படுப்பேன். இப்படி ஐம்பது அறுபது நாள். இந்தக் கூத்தை வேறு யாராவது செய்திருந்தால் நான் என்ன பேச்சு பேசியிருப்பேன்!

கால் மறுபடியும் ஒட்ட ஆரம்பித்தது. கொடியில் சேலை கூடியது, நீ பார்த்துவிடக் கூடாது என்று பின்பக்கம் காயப்போட்டேன். பிறகு அந்த நாள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் படியில் கால் எழவில்லை. "ஏறுங்கம்மா, எவ்ளோ நேரம்" என்று கண்டக்டர் சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது. அடுத்து நான் கீழே கிடந்தேன், முழங்கை உடைந்து, சேலை நனைந்து, சுற்றிலும் காலும் செருப்பும். யாரோ ஒரு பெண் தன் துப்பட்டாவை எடுத்து என் மேல் போட்டாள், அவள் நன்றாக இருக்கட்டும். நீ ஓசூரில் இருந்து எப்படி வந்து சேர்ந்தாய் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் உனக்குள் பயம் போய் உட்கார்ந்தது.

சேலத்தில் டாக்டர் என் காதருகே கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "வால்வு செட்டிங் மாறியிருக்கே. காந்தம் ஏதாச்சும் தலைகிட்ட வச்சீங்களாம்மா?" என்றார். அந்த விநாடியே எனக்கு மயில் உறை கண்முன் வந்தது. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் பவித்ரா. அவள் அம்மா கொடுத்த பொருளால் விழுந்தேன் என்று அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அது பாதிதான் உண்மை. முட்டாள்தனம் பண்ணிவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது, அது மீதி. "இல்லீங்க சார்" என்றேன். நீ, "அப்ப தானாவே மாறுமா சார்?" என்று கேட்டாய். "மாறக்கூடாது தம்பி. ஆனா அம்மா இல்லைங்கறாங்க. காரணம் புரியல, மாசாமாசம் வந்து காட்டுங்க" என்றார். ஐந்து நிமிஷத்தில் பழைய அளவுக்கே திருப்பி வைத்தார். பத்து நாளில் என் கால் திரும்பி வந்தது. ஆனால் தானாகவே மாறும் என்ற எண்ணம் உன் மனசில் ஊறிவிட்டது. பஸ்ஸில் போகும்போது ஒரு போன், டீ குடிக்கும்போது ஒரு போன், திரும்பும்போது ஒரு போன். "நடந்தியாம்மா? தலவலி இருக்குதா? இன்னைக்கு என்னா கெழம சொல்லு." நான் உன்னைக் கிண்டல் செய்வேன், புதன்கிழமையை வேண்டுமென்றே வியாழன் என்பேன். உள்ளுக்குள் அறுக்கும். தலையணையைப் பின் அறையில் பீரோவுக்குப் பின்னால் திணித்துவிட்டு அதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பவித்ரா போர்வைகளை வெயிலில் போட எடுத்தாள். பின் அறையில் இருந்து கூப்பிடுகிறாள், "அத்தை, இந்தத் தலகாணி பீரோவ வுட்டு வரமாட்டேங்குதுங்க!" இழுத்துப் பார்க்கிறாள், அது இரும்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, மாட்டிக்கொண்டேன் என்றும் தெரிந்தது. அவள் பிய்த்து எடுத்து உறையைக் கழற்றினாள். ஒவ்வொரு காந்தமாகத் தடவிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மா குடுத்ததா அத்தை?"

"ஆமா சாமி."

"டாக்டர் கேட்டப்ப இது தெரியுங்களா?"

"தெரியும்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் உறையை மடித்து வைத்துவிட்டு, "ஜெர்மனி போகலைன்னா எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா அவரு தெனமும் பயந்துக்கிட்டே வண்டி ஏறுறாரு. இல்லாத ஒண்ணுக்குப் பயப்படுறாரு. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லுங்க" என்றாள். கண்ணு, உனக்கு வாய்த்த பெண்டாட்டி அவள். அவள் பேச்சைக் கேட்டு நட. என் பேச்சை எல்லா நேரமும் கேட்டுவிடாதே, கேட்டால் என்ன ஆகும் என்று பார்த்தாய் அல்லவா.

உனக்குச் சொல்வதற்கு முன்னால் இன்னொரு இடத்தில் சொல்ல வேண்டியிருந்தது. முந்தாநாள் நீ வேலைக்குப் போன பிறகு, அந்தத் தலையணையை ஒரு பையில் போட்டுக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன். உன் அப்பா கூட வருகிறேன் என்று சட்டையை மாட்டிவிட்டார், கழற்ற வைத்தேன். நம் ஊரில் இருந்து தர்மபுரி, அங்கிருந்து கம்பைநல்லூர். பையை மடியில் கூட வைக்கவில்லை, காலடியில் வைத்துக்கொண்டேன். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் எங்கேயும் போக முடியும், அது இனி மாறப் போவதில்லை. மதியத்தில் தலை கனக்கும், கூட்டத்தில் நடை தயங்கும், பேர்கள் ஒளிந்துகொண்டு பிறகு வரும். இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். இதை வைத்துக்கொண்டே போனேன்.

உன் மாமியார் திகைத்துப்போய்விட்டார்கள், நான் தனியாக வந்து நிற்பதைப் பார்த்து. உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன், மொட்டை, சந்தனம், தலையணை, நான் விழுந்தது. அவர்கள் கையை என் காதுக்குப் பின்னால் வைத்துக் குழாயைத் தொட்டுப் பார்க்க வைத்தேன். அந்த அம்மாள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். "நான் குடுத்ததாலயா அண்ணி? உங்க உசுருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நீங்கள் அன்பாகக் கொடுத்தீர்கள், பொய் என்னுடையது என்றேன். டம்ளரை எடுக்கக் குனிந்தார்கள். பிறகு திடீரென்று நிமிர்ந்து, "அப்ப அந்தப் பஞ்சாமிர்தம்?" என்றார்கள்.

"தர்மபுரிக் கடையில வாங்கினதுங்க."

"நான் அத எங்க ஊட்டுக்காரருக்கு நெத்தியில எல்லாம் வச்சு வுட்டேனே!" என்று சொல்லிவிட்டு அவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள் பார், நானும் சிரித்து, இரண்டு பேரும் சுவரில் சாய்ந்துவிட்டோம். சிரித்து முடித்து, அவர்கள் ஒரு வார்த்தை சொன்னார்கள். "ஆபரேசன்னு அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா நான் கண்டிப்பா யோசிச்சிருப்பேங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா எங்கிட்ட கேட்டிருக்கலாம் அண்ணி, யோசிக்கிற உரிமைய நீங்க எனக்குக் குடுக்கல." எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் சொன்னது சரி. இப்போது நான் உனக்குச் செய்துகொண்டிருந்ததும் அதேதான், உண்மையை மறைத்து உன்னை முடிவெடுக்க விட்டிருந்தேன். இதோ, உன் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நான் கிளம்புவதற்குள் மயில் உறையைத் துவைத்துக் காயவைத்து, அதில் இலவம்பஞ்சை அடைத்துக் கொடுத்தார்கள். சேலத்து டாக்டருக்கும் நேற்று போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். திட்டினார், நன்றாகத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, அப்படியென்றால் வால்வில் பழுதில்லை, மாசாமாசம் வர வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒருமுறை போதும் என்றார். குழாய் அடைத்துக்கொள்ளவோ கிருமி பிடிக்கவோ வாய்ப்பு எப்போதும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். விடாத தலைவலி, வாந்தி, காய்ச்சல், குழாய் போகும் பாதையில் சிவப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், இதில் எது வந்தாலும் உடனே சேலம் என்று உன் அப்பாவுக்கு மனப்பாடம். வால்வின் அட்டை என் பர்ஸில் இருக்கிறது, நகல் எதிர்வீட்டு ஆட்டோக்காரரிடமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வேப்பமரம் வரை நான் நடப்பதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாக அப்பா சொல்லியிருக்கிறார். கூரை தெரியாமல் பிடிக்கச் சொல்கிறேன்.

கண்ணு, நீ கவனித்ததால்தான் எனக்கு இந்த நடை. பவித்ரா பொறுத்ததால்தான் எனக்கு இந்த நிம்மதி. இந்த வயசில் இதற்கு மேல் ஒரு தாய்க்கு என்ன வேண்டும்? யோசித்து முடிவெடு. போவதில்லை என்று நீ முடிவெடுத்தால் அதற்கு வேறு காரணம் இருக்கட்டும், என் வால்வு காரணமாக இருக்க வேண்டாம்.

இந்தக் காகிதத்தோடு நாலு பஸ் டிக்கெட் பின் போட்டு வைத்திருக்கிறேன். போக இரண்டு, வர இரண்டு, எல்லாம் ஒரு ஆளுக்கானது. மூன்று பஸ்ஸில் படியைப் பிடித்து நானே ஏறினேன். நாலாவதில், தர்மபுரி பஸ் ஸ்டாண்டில், அதே இடத்தில், கால் கொஞ்சம் யோசித்தது. மேலே நின்றிருந்த ஒரு காலேஜ் பெண் கை நீட்டினாள், பிடித்துக்கொண்டு ஏறிவிட்டேன். நாலும் நானே ஏறினேன் என்று எழுதத்தான் ஆசையாக இருந்தது. இனி உன்னிடம் பொய் சொல்வதில்லை என்று வைத்திருப்பதால் இதையும் எழுதிவிட்டேன்.

அம்மா